சிவந்து பிறக்கும் இலைகளும் சிவந்து உதிரும் இலைகளும்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிறந்ததும், கனடாவுக்குப் போய்க் குடியேறிய உறவினர்களிடமிருந்து மேப்பிள் மரங்களின் படங்கள் வந்து குவியத் தொடங்கிவிடும். தெருவின் இரு மருங்கும் சிவப்பும் செம்மஞ்சளுமாக நிற்க, நடுவில் குளிர்ச்சட்டையுடன் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். டொரன்டோவில் வசிக்கும் என் அக்காள் மகள் இம்முறை படத்தோடு ஒரு கேள்வியையும் அனுப்பியிருந்தாள்: “மாமா, நம்ம ஊர்லயும் குளிர்தானே? நம்ம மரமெல்லாம் ஏன் இப்படிச் சிவக்க மாட்டேங்குது?” விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவனிடம் இப்படிக் கேட்டால் இரண்டு வரியில் பதில் வராது என்பது அவளுக்கும் தெரியும். குரல் பதிவாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, எழுதுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். நுவரெலியாவைச் சுற்றியுள்ள நம் மலைகளில் இலைகள் சிவக்காமல் இல்லை. ஹக்கலைக்கு மேலுள்ள காட்டையோ, ஹோர்டன் சமவெளிக்குப் போகும் வழியில் பட்டிப்பொலவைத் தாண்டி வரும் குட்டையான முகில்காட்டையோ, நல்ல மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில் பார்த்தவர்களுக்கு, மரங்களின் முடியில் செம்பு நிறமும் இளஞ்சிவப்பும் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பது நினைவிருக்கும். அங்கே சிவப்பது தளிர். டொரன்டோவில் சிவப்பது உதிரப்போகும் இலை. இலையின் ஆயுளுக்கு இரண்டு முனைகள் உண்டென்றால், அவர்கள் ஒரு முனையில் காணும் நிறத்தை நாம் மறுமுனையில் காண்கிறோம். இரண்டுக்கும் காரணமான சாயமும் ஒன்றே, மரம் அதைத் தயாரிக்கும் காரணமும் பெருமளவுக்கு ஒன்றேதான் என்பது என் எண்ணம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் பச்சையிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சை இலைக்குள் பச்சை மட்டும் இருப்பதில்லை. இதை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு நான் வல்லாரை இலையைத்தான் எடுத்துக்கொள்வேன். தேயிலைக் கொழுந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அதை நசுக்கிய சில நிமிடங்களிலேயே சாறு பழுப்பேறிவிடுவதால் இந்தப் பரிசோதனைக்கு அது உதவாது. வல்லாரையைக் கிள்ளி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் சிறிதளவு விட்டு நன்றாக அரைத்து வடித்தால், கடும் பச்சைத் திரவம் கிடைக்கும். அதில் வடிதாள் கீற்று ஒன்றின் நுனியை மட்டும் தோய்த்து நிறுத்தி வைத்தால், ஸ்பிரிட் தாளில் ஊறி மேலேற, அதனுடன் சேர்ந்து நிறங்களும் ஏறும், ஏறும்போதே பிரியும். சிறிது நேரத்தில் பச்சைப் பட்டைக்கு மேலே, தாளின் ஈரம் நின்ற எல்லையை ஒட்டி, மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் தாளில் ஏற்கெனவே மஞ்சள் இருந்ததா என்று கேட்பார்கள். சுத்தமான ஸ்பிரிட்டில் தோய்த்த இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். ரஷ்யத் தாவரவியலாளர் மிக்காயில் ட்ஸ்வெட் இதே வேலையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்த கல்சியம் காபனேற்றுத் தூளைக் கொண்டு செய்து, 1906இல் அம்முறைக்குப் பெயரும் சூட்டி வெளியிட்டார். இன்று மருந்துகளையும் உணவையும் சோதிக்கும் நிறப்பகுப்பு முறைகள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் இலைச் சாற்றின் நிறங்களைப் பிரித்த அந்த வேலைதான்.

பச்சை நிறம் பச்சையத்தினுடையது. அது சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சி, பச்சையைப் பெருமளவு விட்டுவிடுகிறது. மஞ்சள் கோடு கரோட்டினாய்டுகளுடையது. நுவரெலியாச் சந்தையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் கரட்டுக்கு நிறம் தருவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கரோட்டின்தான். 1831இல் ஜெர்மானிய வேதியியலாளர் வாக்கன்ரோடர் அதைக் கரட்டிலிருந்தே பிரித்தெடுத்தார். இலைக் கலங்களுக்குள் ஒளித்தொகுப்பு நடக்கும் நுண்ணிய உறுப்புகளான பச்சையவுருமணிகளில் பச்சையமும் கரோட்டினாய்டும் அருகருகே இருக்கின்றன. பச்சையத்தின் அளவு மிகுதியாதலால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. பச்சையம் வெயிலில் சிதைந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். உயிருள்ள இலை அதை இடைவிடாமல் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருப்பதால்தான் பச்சை நிலைக்கிறது.

ஆகவே மஞ்சளாவதற்கு மரம் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. பச்சையத்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதைக் கலைத்தால் போதும். வட நாடுகளில் பேர்ச், ஆஸ்பென், ஜின்கோ போன்ற மரங்கள் மஞ்சளாவது இப்படித்தான். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை மரம் எவ்வாறு அறிகிறது? அக்காள் மகளின் கேள்விக்குரிய முதல் பதில் இங்கேதான் இருக்கிறது, அது குளிரைப் பற்றியதாக இல்லை. முதன்மையான அறிவித்தலைத் தருவது பகற்பொழுதின் நீளம். டொரன்டோ ஏறத்தாழ 43.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதக் கடைசியில் பகல் 15 மணித்தியாலத்தையும் தாண்டி நீள்கிறது. டிசம்பர் கடைசியில் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. செப்டெம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 3 நிமிடம் குறுகிக்கொண்டே போகும். நுவரெலியாவோ 7 பாகை வட அகலாங்கை ஒட்டி இருக்கிறது. நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைக்கூட எட்டுவதில்லை. நாளுக்கு நாள் ஏற்படும் மாற்றம் அரை நிமிடத்துக்கும் குறைவு. 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நமக்குக் குளிர் கிடைத்திருக்கிறது, அகலாங்கு கிடைக்கவில்லை.

குளிருக்கும் பங்கு இல்லாமலில்லை. பகல் குறுகுவதை உணர்ந்து மரம் தொடங்கிய வேலையைக் குளிர்ந்த இரவுகள் விரைவுபடுத்துகின்றன. ஆனால் வருடம் முழுவதும் ஒரே சீராகக் குளிர்ந்திருக்கும் இடத்தில் அக்குளிருக்குச் செய்தி மதிப்பு எதுவும் இல்லை. அத்துடன், இலையை உதிர்ப்பதால் நம் மரங்களுக்குக் கிடைக்கப்போகும் இலாபமும் இல்லை. கனடாவில் மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடும், ஒளியும் குறைந்துவிடும், அகன்ற மெல்லிய இலைகளின் கலங்கள் உறைபனியில் கிழிந்துபோகும். அந்த மாதங்களில் இலையை வைத்திருப்பது மரத்துக்கு நட்டம். நம் முகில்காட்டு மரங்கள் சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளைச் செய்து, அவற்றைப் பல பருவங்களுக்குப் பாவித்து, பழையவற்றை ஒன்றிரண்டாக எப்போதும் உதிர்த்துக்கொண்டிருக்கின்றன. நம் காட்டிலும் மஞ்சள் இலைகள் தினமும் விழுகின்றன. எல்லா மரமும் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்யாததால் யாரும் அவற்றைப் படம் எடுப்பதில்லை.

இனி, பச்சையத்தைக் கலைக்கும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இதில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலை மஞ்சளாவதை முதுமை என்றும் வாட்டம் என்றும் நாம் சொன்னாலும், அந்த வாரங்களில் இலைக்குள் நடப்பது மிகுந்த ஒழுங்குடன் கூடிய வேலை. தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பம் லயன் காம்பராவைப் பூட்டுவதற்கு முன் சட்டி பானையிலிருந்து கொடிக்கயிறு வரை கழற்றிக் கட்டிக்கொள்வதைப் போல, மரம் இலையிலுள்ள பெறுமதியானவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிளைக்குள் எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் முக்கியமானது நைதரசன், அடுத்தது பொசுபரசு. இலையிலுள்ள நைதரசனில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இவ்வாறு மீட்கப்படுகிறது. அந்த நைதரசனின் பெரும்பகுதி ஒளித்தொகுப்பில் ஈடுபடும் புரதங்களில் இருக்கிறது. பச்சையமோ அப்புரதங்களில் பலவற்றோடு பிணைந்திருக்கிறது. புரதத்தைப் பிரிக்க வேண்டுமானால் பச்சையத்தை விடுவிக்க வேண்டும். விடுவிக்கப்பட்ட பச்சையமோ ஆபத்தானது, ஏனெனில் அது வெயிலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய சக்தியைக் கொடுப்பதற்குரிய இடம் இல்லாமற்போனால், அது ஒட்சிசனின் தீவிரமான வடிவங்களை உண்டாக்கிக் கலத்தையே தாக்கும். ஆகவே மரம் பச்சையத்தின் வளையத்தை உடைத்து, நிறமற்ற ஒரு பொருளாக மாற்றி, கலத்துக்குள் நீர்ப்பை போல இருக்கும் புன்வெற்றிடத்தில் ஒதுக்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணுவும் அதைச் சுற்றி 4 நைதரசன் அணுக்களும் இருக்கின்றன. இவ்வளவு சிரமப்பட்டு நைதரசனைச் சேகரிக்கும் மரம் அந்த நான்கையும் மீட்டுக்கொள்வதில்லை. அவை உதிரும் இலையோடேயே போய்விடுகின்றன. புரதங்களைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கும் விலை அது. பச்சையம் எங்கே மறைகிறது என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாகவே இருந்தது. 1991இல்தான் கிரௌட்லர், மட்டீல் முதலிய ஆய்வாளர்கள் பார்லி இலையிலிருந்து அந்த நிறமற்ற பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டேற்றருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1915இல். ஒரு பொருள் எப்படி உருவாகியிருக்கிறது என்பதற்கும், அது எப்படி இல்லாமற்போகிறது என்பதற்கும் விடை கிடைப்பதற்கு இடையில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுவது அத்தனை கடினம்.

இது உயிருள்ள இலையின் வேலைதான் என்பதற்குச் சான்று தேடி நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, நானுஓயாப் பக்கம் துகள் பனி விழும் அதிகாலைகளில், பள்ளமான இடங்களிலுள்ள தேயிலையின் மேல்மட்டம் முழுவதும் வெள்ளை படிந்திருக்கும். வெயில் ஏறி அது கரைந்ததும், இரண்டொரு நாளில் கொழுந்துகள் கருகிப் பழுப்பாகிவிடும். அந்த இலைகள் மஞ்சள் நிலையைக் கடந்து வருவதில்லை. பச்சையிலிருந்து நேரே பழுப்புக்குப் போய்விடுகின்றன. கலங்கள் ஒரே இரவில் இறந்துவிட்டதால் எதையும் மீட்க மரத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதே செடியின் அடியில் விலக்கிப் பார்த்தால், வயது முதிர்ந்து உதிரவிருக்கும் இலை ஒன்றிரண்டு தெளிவான மஞ்சளில் இருக்கும். பனி சுட்ட கொழுந்தையும் அடியிலுள்ள மஞ்சள் இலையையும் பறித்து ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கிவிடும். காற்றில் முறிந்து தொங்கும் கிளையும் இப்படித்தான்: அதன் இலைகள் காய்ந்து சுருண்டு மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், உதிராது. இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடையை உருவாக்கி, அங்குள்ள கலங்களின் பிணைப்பைக் கரைத்து இலையைக் கழற்றிவிடுவது மரத்தின் செயல். இலை முதிர முதிர அதிலிருந்து வரும் ஒக்சின் என்ற ஓமோன் குறைய, எதிலீன் என்ற மற்றோர் ஓமோனின் தூண்டுதல் மேலோங்க, அந்தப் படை திறக்கிறது. முறிந்த கிளையில் இதைச் செய்ய யாரும் இல்லை.

மஞ்சள் சாயம் இலைக்குள் முன்பிருந்தே இருந்தது என்று பார்த்தோம். சிவப்பின் கதை வேறு. மேப்பிளின் சிவப்புக்குக் காரணமான அந்தோசயனின் கோடையில் அந்த இலையில் அநேகமாக இருப்பதேயில்லை. இலை கழற்றப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி வாரங்களில், எஞ்சிய சர்க்கரையைச் செலவழித்து மரம் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனிக்குப் போகாத குளிரும் இருந்தால் சிவப்பு கடுமையாக வரும். மேகமூட்டமும் மழையுமாக இருந்தால் மங்கிவிடும். வெயில் சர்க்கரையை உண்டாக்குகிறது, குளிர்ந்த இரவு அது இலையை விட்டுப் போவதைத் தாமதப்படுத்துகிறது. கரோட்டினாய்டு பச்சையவுருமணிக்குள் கொழுப்போடு சேர்ந்திருக்கும் சாயம். அந்தோசயனினோ நீரில் கரைந்து புன்வெற்றிடத்தில் இருப்பது. சிவப்புக் கோவாவை வெட்டிக் கொதிநீரில் போட்டால் நீர் ஊதாவாகும் அல்லவா, அந்தச் சாயம்தான் இது. அதில் தேசிக்காய் பிழிந்தால் சிவக்கும், அப்பச்சோடா போட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். (பீட்றூட்டின் சிவப்பையும் இதோடு சேர்த்துவிடுகிறவர்கள் பலர். பீட்றூட், சிவப்புத் தண்டுக்கீரை, வீட்டு வாசலில் படரும் போகன்விலா ஆகியவற்றின் நிறம் பீற்றலெயின் என்ற வேறொரு சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. பரீட்சை விடைத்தாள்களில் இந்தப் பிழையைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.)

நாளைக்கு உதிரப்போகும் இலைக்கு இன்றைக்கு எதற்காகச் சாயம் பூச வேண்டும்? எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து மீட்கும் மரம் இந்த ஒன்றில் மட்டும் ஊதாரியாக இருப்பது ஆய்வாளர்களை நெடுங்காலம் உறுத்தியிருக்கிறது. அதற்கு இரண்டு விடைகள் வலுவாக முன்வைக்கப்பட்டிருக்கின்றன. பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹமில்ற்றன், சாம் பிரவுன் என்பவருடன் சேர்ந்து எழுதி, அவர் இறந்த பின் 2001இல் வெளியான கட்டுரை, கடும் நிறத்தைப் பூச்சிகளுக்கான எச்சரிக்கையாகப் பார்க்கிறது: இலையுதிர் காலத்தில் முட்டையிட இடம் தேடும் செடிப்பேன்களுக்கு, இந்த மரம் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் வலுவுள்ளது என்று அது தெரிவிக்கிறதாம். அழகான கருத்துத்தான். ஆனால் செடிப்பேன்களுக்குச் சிவப்பை உணரும் ஒளிவாங்கி இல்லை என்பது அதற்கு இடைஞ்சலாக இருக்கிறது. சிவப்பு இலை அவற்றின் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதே போதும் என்று அதற்குச் சமாதானம் சொல்பவர்களும் உண்டு.

இரண்டாவது விடையைத்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன். கலைக்கப்பட்டுக்கொண்டிருக்கும் இலையில் ஒளியை உறிஞ்சும் பச்சையம் இன்னும் எஞ்சியிருக்கிறது. உறிஞ்சிய சக்தியைப் பயன்படுத்தும் தொகுதியோ பாதி கழற்றப்பட்டுவிட்டது. குளிர் வேறு மிச்சமுள்ள நொதியங்களை மந்தமாக்கிவிடுகிறது. மேலே சொன்ன ஆபத்து இப்போது உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் இலையின் மேற்புறக் கலங்களில் சிவப்புச் சாயத்தைப் பரப்பினால் அது ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்து, நைதரசன் முழுவதும் வெளியேறும்வரை இலையைக் காப்பாற்றிக் கொடுக்கும். இதைச் சோதிக்க வட அமெரிக்க ஆய்வாளர்கள், சிவக்கக்கூடிய செடிகளையும் அதே இனத்தில் அந்தோசயனினைத் தயாரிக்க இயலாத பிறழ்வுச் செடிகளையும் ஒப்பிட்டார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வின்படி, கடும் ஒளியிலும் குளிரிலும் சிவக்க முடியாத செடிகள் நைதரசனை மீட்பதில் பின்தங்கின. சாயத்துக்குச் செலவழித்த சர்க்கரை, மீட்கப்பட்ட நைதரசனாகத் திரும்பி வருகிறது என்றால், மரத்தை ஊதாரி என்று சொல்ல இடமில்லை. ஆயினும் எல்லா மரமும் சிவப்பதில்லையே, வட ஐரோப்பாவில் மஞ்சளும் வட அமெரிக்காவின் கிழக்கில் சிவப்பும் மிகுந்திருப்பது ஏன் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது நம் தளிர்களுக்கு வருவோம். பிறந்த இலையின் நிலைமையையும் இதே கண்ணால் பார்த்தால், அது உதிரும் இலையின் நிலைமையைத் தலைகீழாகத் திருப்பியதுதான் என்பது தெரியும். உதிரும் இலையில் ஒளித்தொகுப்புத் தொகுதி பாதி கழற்றப்பட்டிருக்கிறது. தளிரில் அது பாதிதான் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் தேவைக்கு மிஞ்சிய வெயில் வந்து விழுகிறது. மலைநாட்டின் உயரத்தில், மேகம் விலகிய நேரத்து வெயிலின் கடுமையையும் புறவூதாக் கதிரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்கிறதே என்று தொப்பி இல்லாமல் நானுஓயாவில் ஒரு பகல் நடந்து முகம் கறுத்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஆகவே கறுவாவின் தளிர் சிவந்து வருகிறது, மாந்தளிர் செம்பு நிறத்தில் தொங்குகிறது, நம் நாட்டின் தேசிய மரமான நாகமரம் கடுஞ்சிவப்பு இலைக் கொத்துகளோடு துளிர்க்கிறது. இலை முற்றி, பச்சையம் நிரம்பியதும் சிவப்பு தேவையற்றுப் போய் மறைகிறது. தளிரைப் பொறுத்தவரை வேறு காரணங்களும் கூறப்படுகின்றன: பூஞ்சை எதிர்ப்பு ஒன்று; இலை தின்னும் பூச்சிகள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு இலை காய்ந்த இலை போலத் தெரியலாம் என்பது இன்னொன்று. ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண் குரங்கினத்துக்கு வாய்த்ததே, மென்மையான சிவந்த தளிரைக் கண்டுபிடிப்பதற்காக இருக்கலாம் என்று கூறும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஹக்கலைக் காட்டின் ஊதாமுக மந்திகள் இலைக் கொத்துகளைத் தெரிந்தெடுத்துக் கிள்ளுவதைப் பார்த்தால், பூச்சியிடமிருந்து மறைத்ததை மந்தியிடம் மறைக்க முடியவில்லை என்று சொல்லத் தோன்றும்.

இந்தச் சிவப்பைக் காண காட்டுக்குள் போக வேண்டும் என்பதுமில்லை. பழைய விதைத் தேயிலை மலை ஒன்றில் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று பாருங்கள். விதையிலிருந்து முளைத்ததால் ஒவ்வொரு செடியும் தனித்தனி மரபு கொண்டது. ஒன்றின் கொழுந்து வெளிர்மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், பக்கத்திலிருப்பது செம்பு நிறத்தில் இருக்கும், அதற்கடுத்தது காம்பில் மட்டும் செந்நிறம் ஏறியிருக்கும். பதியன் முறையில் வளர்த்த வீ.பீ. தேயிலை மலையில் இந்த வேறுபாட்டைக் காண முடியாது, ஒரே மரபு என்பதால் மலை முழுவதும் ஒரே நிறம். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ‘டீ.ஆர்.ஐ. 2043’ என்ற இனத்தின் கொழுந்து ஊதா சாயல் கொண்டது. அதன் மொட்டுகளிலிருந்து சில்வர் டிப்ஸ் என்ற மொட்டுத் தேயிலையைத் தயாரிக்கிறார்கள். கென்யாவில் 2011இல் வெளியிடப்பட்ட ஊதாத் தேயிலை இனம் அந்தோசயனினுக்காகவே தெரிந்தெடுக்கப்பட்டது. வடக்கே இலையின் இறுதி நாட்களில் வரும் சாயத்தை, இங்கே இலையின் முதல் நாட்களில் கிள்ளிக் கூடைக்குள் போட்டுவிடுகிறோம்.

நம் நாட்டிலும் மொத்தமாக இலையுதிர்க்கும் மரங்கள் உண்டு. மலையடிவாரத்தில், கேகாலை, இரத்தினபுரிப் பக்கம், இறப்பர் மரங்கள் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் செம்மஞ்சளாகி இலையைக் கொட்டிவிட்டுச் சில வாரங்கள் வெறுமையாக நிற்கும். கொட்டம்பா மரம் சிவந்து உதிர்வதைக் கரையோரத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். இவற்றுக்கும் வறண்ட காலத்துக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. பகல் நீளத்தின் சிறு மாற்றம் நம் நாட்டில் எந்தச் செடிக்கும் உறைக்காது என்றும் எண்ணிவிடக் கூடாது. மெக்சிக்கோவிலிருந்து வந்த பாயின்செட்டியா, இரவு சற்று நீள்வதை உணர்ந்துதான் நத்தாரை ஒட்டி நுவரெலியா வேலிகளில் மேலிலைகளைச் சிவக்கச் செய்கிறது. மலைநாட்டில் நாட்காட்டி பார்த்து இலை சிவக்க வேண்டுமென்று விரும்புகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும்.

பச்சையம் கலைவதைத் தோட்டத்துக்காரர்கள் வேறொரு வழியிலும் அறிவார்கள். தேயிலையில் மக்னீசியம் போதாமற்போனால், செடி தன் முதிர்ந்த இலைகளிலுள்ளதைக் கழற்றித் தளிருக்கு அனுப்பிவிடும். முதிர்ந்த இலை நரம்பிடைகளில் மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டி மட்டும் தலைகீழான ‘வி’ வடிவில் பச்சை எஞ்சும். அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை ஒருவர் அந்த இலையைத் திருப்பிப் பார்த்ததுமே, “மலைக்கு டொலமைட் போட்டு நாளாச்சு” என்று சொல்லிவிடுவார். டொலமைட்டில் மக்னீசியம் இருப்பதும், பச்சைய மூலக்கூறின் நடுவில் அமர்ந்திருப்பது அதே மக்னீசியம் என்பதும் பாடப்புத்தகத்தில் வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கும். மலையில் இரண்டும் ஒரே இலையில் தெரியும்.

கடைசியாகப் பழுப்பு நிறம். ஓக் மரத்தின் இலை மஞ்சளும் சிவப்பும் அடங்கியபின் பழுப்பாகி நிற்பதற்குக் காரணம், அதிலுள்ள தனின்களும் ஒட்சியேறிய பீனோல் சேர்வைகளும். இதற்கு நெருங்கிய வேதியியலைத் தோட்டங்களில் ஸ்டோர் என்று அழைக்கப்படும் தொழிற்சாலைக்குள் சில மணித்தியாலங்களில் நடத்தி முடிக்கிறார்கள். வாட்டிய கொழுந்தை உருட்டி நசுக்கும்போது கலங்கள் உடைந்து, நொதியங்கள் கற்றெச்சின்கள் என்ற பீனோல் சேர்வைகளோடு கலக்க, ஒட்சிசன் சேர்ந்து, செம்மஞ்சளான தேயாபிளவின்களும் செம்பழுப்பான தேயாரூபிஜின்களும் உருவாகின்றன. வல்லாரைக்குப் பதிலாகக் கொழுந்தை அரைத்தால் பரிசோதனை கெட்டுப்போவதற்கும் இதுவே காரணம். ஆனால் பச்சையத்தின் கதி இங்கே வேறு. மரத்திலிருக்கும் இலை அதை நிறமற்றுப் போகும்வரை படிப்படியாகக் கலைக்கிறது. ஸ்டோரிலோ இலை இறந்துவிட்டதால் அந்த ஒழுங்கு பாதியில் அறுந்துவிடுகிறது. அடுப்பின் வெப்பத்தில் பச்சையம் மக்னீசியத்தை இழந்து, கரும்பழுப்பான பியோபைற்றின்களாக நின்றுவிடுகிறது. தேயிலைத் தூளின் கருமையில் அதற்கும் பங்குண்டு. கிரீன் டீ தயாரிப்பவர்கள் முதலிலேயே வெப்பத்தால் நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் கற்றெச்சின்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. பச்சையத்தை மட்டும் அவர்களாலும் முழுதாகக் காப்பாற்ற முடிவதில்லை. நெடுநாள் அடைத்து வைத்த கிரீன் டீ மங்கிப் பழுப்பேறுவது, மீதமிருந்த மக்னீசியமும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருப்பதால்தான்.